365 படிகளும் ஒரு பழைய டயரும்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓயட்டும் என்று காத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். சென்னையிலிருந்து திருத்தணி சுமார் 85 கிலோமீட்டர். எங்கள் வேன், வீட்டின் செல்லப்பிள்ளை. சின்ன கேஸ் அடுப்பு, தண்ணீர் கேன், பாய், தலையணை என்று ஒரு குட்டி வீடே அதற்குள் இருக்கும். முருகனைத் தரிசித்துவிட்டு, எல்லை தாண்டி நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதி போவதாகத் திட்டம்.

அடிவாரத்தில் காற்று பிடிக்க ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களை மகள் படித்தாள். “அப்பா, 1914-ன்னு போட்டிருக்கு. வெள்ளைக்காரன் காலத்து டயரா?”

கடைக்காரர் சிரித்தார். “இல்லம்மா, 2014-ம் வருஷம் 19-வது வாரம் செஞ்சது.” என் பக்கம் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை. “சார், இதை வெச்சுக்கிட்டா குடும்பத்தோட மலை ஏறப் போறீங்க?”

“பட்டன் நல்லாத்தானே இருக்கு?” எனக்குக் கோபம் வந்துவிட்டது. வியாபாரத்துக்காகப் பயமுறுத்துகிறார் என்றே நினைத்தேன். அவர் பதில் பேசாமல் டார்ச் அடித்துக் காட்டினார். டயரின் ஓரம் முழுக்க முடி கனத்தில் வெடிப்புகள். ஸ்டெப்னிக்கும் அதே வயசு.

வேனை அங்கேயே விட்டுவிட்டுப் படியேறினோம். வருடத்தின் நாளுக்கு ஒன்றாக 365 படிகள். டிசம்பர் 31 இரவு, படிக்குப் படி பூஜை செய்து பாடிக்கொண்டே ஏறும் திருவிழா இங்கே பிரசித்தம். பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடமும் நான் கிலோமீட்டரை மட்டுமே எண்ணியிருக்கிறேன், நாட்களை எண்ணவே இல்லை! மாதம் ஒருமுறை வெளியே வரும் வேனில் பட்டன் எப்படித் தேயும்? ஆனால், வெயிலில் நின்ற ஒவ்வொரு நாளும் ரப்பர் இறுகிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

முருகன் சினம் தணிந்த தலம் இது. இறங்கி வரும்போது என் கோபமும் தணிந்திருந்தது. கடைக்காரரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டேன்.

டயரின் பள்ளங்களுக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அந்த மட்டத்துக்குப் பட்டன் தேய்ந்தால், மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான் என்று அர்த்தம், மாற்றிவிட வேண்டும். ஐந்து வயதைத் தாண்டிய டயரை வருடாவருடம் காட்ட வேண்டும். பத்து வயதானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் விடை கொடுத்துவிட வேண்டும். வீக்கமோ வெடிப்போ தெரிந்தால் வயதே பார்க்க வேண்டாம்.

பிரேக் ஆயில், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஆயில் மலை இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால், பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். ஓடாத வண்டியானாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்கினால் பிரேக்குக்கும் வேலை குறையும்.

அடுப்பின் கேஸ் டியூபுக்கும் ஆயுள் உண்டு. அதில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். ஐந்து வருடம் ஆனதை மாற்றிவிடுங்கள். வண்டி குலுங்கும்போது டியூப் உரசித் தேயும் என்பதால், கிளம்பும்முன் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது நல்லது. குமிழி வந்தால் அடுப்பைத் தொடவே கூடாது.

எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டாம். கிழிந்த சீட் உறையைத் தைத்துக்கொள்ளலாம். பேட்டரிகூட, காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறி முன்கூட்டியே சொல்லிவிடும். சொல்லாமல் கொள்ளாமல் கைவிடுகிற டயர், பிரேக், கேஸ் மூன்றிலும்தான் கஞ்சத்தனம் கூடாது.

மெதுவாக ஓட்டிப்போய் ஊருக்குள் இருந்த டயர் கடையில் ஐந்து டயர் வாங்கியதில் திருப்பதிச் செலவுக்கு வைத்திருந்த பணம் கரைந்தது. ஏழுமலையான் அடுத்த மாதம் அழைத்துக்கொள்வார். மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு டயரிலும் அந்த நான்கு எண்களை மகள் சத்தமாகப் படித்தாள். இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு நிம்மதிதான் வந்தது.