சிரித்ததும் வெட்கியதும்

சங்கீதத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதற்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உலகத்தில் எங்குமே கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் நாமும் இத்தனை வருஷங்களாக அபிப்பிராயம் சொல்லி வந்திருக்கிறோம். ஒரே ஒரு தடவை அதற்காக வெட்கப்பட நேர்ந்தது.

2011-ஆம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில் ஒரு நாள் மாலை, நமது தமக்கையின் வீட்டுக்குப் போயிருந்தோம். காலேஜில் படிக்கும் மருமான் கம்ப்யூட்டரைத் திறந்து, "மாமா! உலகத்திலேயே மகா மோசமான பாட்டு ஒன்று வந்திருக்கிறது, கேட்கிறீர்களா?" என்றான். நல்ல பாட்டு என்று சொல்லியிருந்தால் அப்புறம் பார்க்கலாம் என்றிருப்போம். மோசமான பாட்டு என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம்.

பாட்டின் பெயர் 'பிரைடே'. பாடியவள் ரெபெக்கா பிளாக் என்னும் 13 வயது அமெரிக்கச் சிறுமி, கலிபோர்னியாவைச் சேர்ந்தவள். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது, இனிக் கொண்டாட்டந்தான் என்பதே பாட்டின் பொருள். காரில் எந்த ஸீட்டில் உட்காருவது என்பது அதில் ஒரு பெரிய பிரச்னை. நேற்று என்ன கிழமை, நாளை என்ன கிழமை என்ற விவரமும் வரிசையாக வருகிறது. போதாததற்குக் குரலை யந்திரத்தில் கொடுத்துச் சுருதி சேர்த்திருந்தார்கள். நாம் சிரித்த சிரிப்பில் கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

தமக்கையின் பெண்ணுக்கும் அப்போது வயது 13. பள்ளிக்கூடத்தில் பாட்டுக்குப் பரிசு வாங்கினவள். "எங்கே அம்மா, நீ ஒரு பாட்டுப் பாடு" என்றோம்.

"வேண்டாம், மாமா."

"ஏன்? தொண்டை சரியில்லையா?"

"தொண்டையெல்லாம் சரியாய்த்தான் இருக்கிறது. நீங்கள் சிரித்ததைப் பார்த்துக் கொண்டுதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த அமெரிக்கப் பெண்ணின் கதையைத் தேடிப் படித்தோம். லாஸ் ஏஞ்ஜலீஸில் ஆர்க் மியூஸிக் பாக்டரி என்று ஒரு கம்பெனி இருந்தது. பணம் கொடுத்தால் பாட்டும் கொடுத்துப் படமும் பிடித்துத் தருவார்கள். பெண்ணின் தாயார் சில ஆயிரம் டாலர் கொடுத்தார். பாட்டை எழுதியவர்கள் பெரியவர்கள், மெட்டமைத்தவர்கள் பெரியவர்கள், குரலை யந்திரத்தில் கொடுத்தவர்களும் பெரியவர்களே. 2011 பிப்ரவரி 10-ந் தேதி அது யூடியூபில் வெளியாயிற்று. ஒரு மாதம் வரையில் அதை அநேகமாக யாருமே சட்டை செய்யவில்லை. மார்ச்சு மாதத்தில் ஹாஸ்யக்காரர்கள் சிலருடைய கண்ணில் பட்டது. அவ்வளவுதான், உலகமே சிரிக்கத் தொடங்கிவிட்டது.

ஜூன் மாதம் உரிமைத் தகராறினால் பாட்டை யூடியூபிலிருந்து எடுத்தபோது, அது 16 கோடித் தடவைகளுக்கு மேல் பார்க்கப்பட்டிருந்தது. 'பிடிக்கவில்லை' என்று தெரிவித்திருந்தவர்கள் மட்டும் 30 லட்சத்துக்கு மேல். கொன்றுவிடுவதாக மிரட்டல்கள் கூட வந்து, போலீஸார் விசாரிக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடத்துக் கேலி பொறுக்காமல் அவள் வீட்டிலிருந்தே படிக்க நேர்ந்தது. பெரியவர்கள் செய்து கொடுத்த பாட்டுக்கு வசவு வாங்கியவள் ஒரு குழந்தை.

அந்தப் பாட்டு நன்றாயிருந்தது என்று இப்போதும் நாம் சொல்ல மாட்டோம். ஆனால், பாட்டைக் குறை சொல்வது ஒன்று. பாடிய குழந்தையைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பது வேறொன்று. அன்று மாலை நாம் செய்தது இரண்டாவது.

ரெபெக்கா பிளாக் பாடுவதை விடவில்லை. 2021 பிப்ரவரி 10-ந் தேதி, சரியாகப் பத்து வருஷம் கழித்து, அதே பாட்டைப் புது மாதிரியாக அமைத்து வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 23. 2023-இல் 'லெட் ஹெர் பர்ன்' என்ற முழு ஆல்பமும் வெளிவந்தது. எதற்காக உலகம் சிரித்ததோ, அதையே எடுத்து மறுபடியும் பாடுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

தமக்கையின் பெண் நம் முன்னால் மறுபடி பாடுவதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு நவராத்திரியன்று தாயாரின் வற்புறுத்தலுக்காகக் கொலுவின் முன் உட்கார்ந்து பாடினாள். நடுவில் ஓரிடத்தில் சுருதி சற்று விலகிற்று. சட்டென்று நிமிர்ந்து நம் முகத்தைப் பார்த்தாள்.

நாம் தாளம் போட்டுக் கொண்டிருந்தோம்.