இருட்டும் முன்பே முடிய வேண்டிய வேலை

பழைய முகாம் விளக்குகளை இருபது முப்பதாக ஓரிடத்தில் வைத்து ஏற்றுவது, வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அரை மணி நேரக் காட்சி. ஏற்றுகிறவர்களுக்கோ அது ஒரு நாள் வேலை. அமெரிக்காவில் கோல்மன் நிறுவனத்தின் விளக்குகளைத் தேடிச் சேர்த்துப் பழுது பார்ப்பவர்கள் இப்படி முகாம் திடல்களில் கூடுவதுண்டு. பகல் முழுவதும் மேசைகளில் ஸ்பேனரும் துணியுமாகக் கழியும். தீக்குச்சி வெளியே வருவது அந்தி சாய்ந்த பிறகுதான்.

கூட்டமாக ஏற்றும் பழக்கம் இந்த விளக்குகளுக்குப் புதிதல்ல. 1905இல் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் டபிள்யூ. சி. கோல்மனின் விளக்குகளை வரிசையாகக் கட்டி, கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து ஆட்டம் ஒன்றை இரவில் நடத்தினார்கள். கையில் தூக்கிச் செல்லும் லாந்தர் 1914இல் வந்தது. சேகரிப்பவர்கள் மிகுதியாகக் கொண்டுவருவது 1951 முதல் 1983 வரை தயாரான 200ஏ என்ற ஒற்றை மேண்டில் (தீயில் ஒளிரும் துணிப் பை) விளக்கு. சிவப்பு டேங்க்கைத் திருப்பினால் அடியில் அது தயாரான காலத்தைக் காட்டும் எண்கள் பதிந்திருக்கும். தான் பிறந்த ஆண்டிலேயே செய்யப்பட்ட விளக்கு கிடைத்துவிட்டால் அதை ஒருவர் எளிதில் கைமாற்ற மாட்டார்.

நம் ஊர்க் கல்யாண ஊர்வலங்களில் தலையில் சுமந்து வந்த பெட்ரோமாக்ஸுக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. டேங்க்கில் பம்பால் காற்றடைத்தால் எரிபொருள் மேலே ஏறும். சூடான பித்தளைக் குழாயில் ஆவியாகி, ஊசிமுனைத் துளை வழியாகப் பீய்ச்சி, காற்றோடு கலந்து மேண்டிலுக்குள் எரியும். எரிபொருளில்தான் வேறுபாடு. பெட்ரோமாக்ஸ் குடிப்பது மண்ணெண்ணெய். அது லேசில் தீப்பிடிக்காது. முதலில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்க வேண்டும். 200ஏ போன்றவை குடிப்பது சேர்மானமில்லாத, பெட்ரோல் இனத்தைச் சேர்ந்த நாப்தா. அது உறைபனிக் குளிரிலும் பற்றும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு தவழும். கூட்டமாக ஏற்றும்போது கடைப்பிடிக்கும் கட்டுப்பாடுகளில் பாதி இந்த ஒரு குணத்தால் வந்தவை.

ஆகவே எரிபொருள் ஊற்றும் இடம் விளக்கு வரிசையிலிருந்து தள்ளி, காற்று வீசிச் செல்லும் பக்கமாக அமைகிறது; ஆவி நெருப்பை நோக்கி வராது. ஊற்றுவது வெளிச்சம் இருக்கும்போதே, புனல் வைத்து, டேங்க்கில் காற்றுக்கு இடம் விட்டு. கழுத்துவரை நிரப்பினால் காற்றடைக்க இடமிராது. ஊற்றி முடித்ததும் கேனை மூடி, அங்கிருந்தே அகற்றிவிட வேண்டும். எரிந்து முடித்த விளக்கில், சூடு முழுக்கத் தணியாமல் மறுபடி ஊற்றுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. நிகழ்ச்சியின் நடுவில் ஒரு விளக்கு அணைந்தால் அணைந்ததுதான்.

அதற்கும் முன்பே கசிவுச் சோதனை நடந்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். ஐம்பது அறுபது ஆண்டான விளக்கில் உலோகம் நன்றாகவே இருக்கும், ரப்பர் இருக்காது. மூடிக்குள் இருக்கும் வாஷர் கல்லாகி, வெடித்து, ஓரத்தில் நூலளவு வழி விட்டிருக்கும். பழுது பார்ப்பவர் காற்றை மட்டும் அடைத்து, சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் மூடியின் விளிம்பைச் சுற்றித் தடவிவிட்டுக் குனிந்து பார்க்கிறார். முதலில் ஒன்றும் தெரிவதில்லை. பிறகு ஒரு குமிழி கடுகளவில் கிளம்பி, மிளகாகி உடைகிறது. அதே இடத்தில் அடுத்தது. அந்த விளக்கு அன்று மாலை வரிசைக்குப் போகாது. எரியும் மேண்டிலுக்குச் சில அங்குலம் கீழேதான் அந்த மூடி இருக்கிறது என்பதை நினைத்தால், யார் கொண்டுவந்த விளக்கானாலும் ஒதுக்கி வைப்பதில் தயக்கம் வராது. டேங்க்கின் உட்புறத் துரு, வால்வுத் தண்டின் கசிவு, பம்பின் காய்ந்துபோன தோல் வாஷர் ஆகியவையும் இதே மேசையில் பார்த்துவிட வேண்டியவை.

புது மேண்டிலைக் கட்டி முதலில் துணியாகவே எரிக்கிறார்கள். விளிம்பில் வைத்த தீ கருப்பாகப் பரவி மேலேற, பை சுருங்கி வெள்ளைச் சாம்பல் கூடாக நிற்கிறது. இனி விரல் பட்டாலே உதிரும். அதில் ஓட்டை விழுந்தால் தீ அந்த வழியாகப் பாய்ந்து கண்ணாடியைச் சுட்டு வெடிக்க வைக்கும் என்பதால், ஓட்டை மேண்டிலோடு எந்த விளக்கும் எரிவதில்லை. பழைய மேண்டில்களில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. கோல்மன் 1990களில் இட்ரியத்துக்கு மாறியது. உதிர்ந்த தோரியச் சாம்பலை ஊதக் கூடாது. திறந்த வெளியில் மூச்சுக்கு எட்டாமல் எடுத்துப் பையில் கட்டுகிறார்கள். இந்தத் தோரியத்தின் கதை குமரி மாவட்டத்தையும் தொடுகிறது. மேண்டில் தொழிலுக்குத் தோரியம் தேவைப்பட்ட காலத்தில்தான், 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் தோரியம் அடங்கிய மோனசைட்டைக் கண்டார். அதையொட்டி மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது.

ஏற்றும் நேரத்தில் ஆளுக்கு ஒரு விளக்கு. பக்கத்து விளக்கைக் கை நீட்டித் தொட முடியாத இடைவெளி. காய்ந்த புல் இல்லாத சமதரை. மேலே கிளையோ துணிப் பந்தலோ கிடையாது. கார்பன் மோனாக்சைடு தேங்கும் என்பதால் கூடாரத்துக்குள் ஏற்றும் பேச்சே இல்லை. எல்லோரும் ஒரே சைகையில் பற்றவைப்பது படத்துக்கு அழகு. ஆனால் ஒவ்வொன்றாக ஏற்றுவதே சரி, ஏனென்றால் தொல்லை பெரும்பாலும் பற்றவைக்கும் முதல் நிமிடத்தில்தான் வருகிறது. குழாய் சூடாகும் முன் வால்வை முழுக்கத் திறந்தால் ஆவிக்குப் பதில் திரவமே வந்து, மஞ்சள் தீ கண்ணாடிக்கு மேலே எழும். அப்போது விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, மூடியைத் திறக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. வால்வை மூடிவிட்டு விலகி நின்றால், வெளியே வந்த சொட்டு எரிந்து தீர்ந்து தீ தானே இறங்கும். இறங்காவிட்டால் உலர்பொடி அணைப்பான். அதை எடுத்துப் பழகிய ஒருவர் தமக்கென்று விளக்கு எதுவும் வைத்துக்கொள்ளாமல் வரிசையின் தலைமாட்டில் நிற்கிறார்.

மஞ்சள் வெளுத்து வெண்மையாகி, 'உஸ்' என்ற சத்தம் ஒரே சீராக வந்ததும் அடுத்தவருக்குத் தலையசைப்பு. அணைப்பதும் அதே வரிசைதான். வால்வை மூடிய பிறகும் குழாயில் மிஞ்சியது தீரும்வரை மேண்டில் சற்று மினுங்கிக்கொண்டிருக்கும். சிம்னி ஆறுகிறவரை விளக்குகள் நின்ற இடத்திலேயே இருக்கின்றன. ஆறிய பிறகு மூடியைத் தளர்த்திக் காற்றை விடுவித்து, டேங்க்கில் மீந்ததைக் கேனுக்கு மாற்றி, வந்த எண்ணிக்கை சரிபார்த்தபின் ஒவ்வொன்றாக வண்டியேறுகின்றன.