பேர் பதிந்த நாள்

பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வாலிபம் வந்ததை மீசையும் குரலும் அறிவிக்குமாயின், ஹட்டனை அடுத்த எங்கள் தோட்டத்தில் அதனை அறிவித்தது செக்ரோல் என்னும் வேலையாள் பதிவேடு ஒன்றே. அதில் 'பேர் பதிந்த' தினத்தோடு பால்யம் முற்றுப்பெற்றதென்பதில் லயத்தார் எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தம்பியைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு, இருள் பிரியுமுன் இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் அம்மாவின் பின்னால் போய் நின்ற அக்காவுக்கு, நிறை குறைந்த ஒருநாள் அரைநாள் கூலியான 'அரைப்பேர்' விழுந்ததையும், அன்றிரவு கொழுந்துக் கறை கறுத்த விரல்களால் என் கொப்பியைத் தொட அவள் தயங்கியதையும் நான் இன்னும் மறந்தேனில்லை.

என் முறை வேறுவிதமாக வந்தது. 1964 ஆம் ஆண்டு அக்டோபரில் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியாரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பிரகாரம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என இந்திய வம்சாவளியினரான எங்கள் ஜனங்கள் பங்கிடப்பட்டனர்; மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். (மூட்டைக் கணக்குக்கூட இதைவிடக் கருணையோடு நடக்கும்.) அந்தப் பங்கீட்டில் மாமா குடும்பம் அக்கரைக்கும் நாங்கள் இக்கரைக்குமாக விழுந்தோம். தலைமன்னாருக்குப் போகிறவர்களை ஏற்றிச் சென்ற அந்த ரயிலுக்கு எங்களவர் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. ஹட்டன் ஸ்டேஷனில், அத்தையின் அழுகைக்கும் தகரப்பெட்டிகளின் சத்தத்துக்கும் இடையே, சாக்கில் சுற்றிய தம் கவ்வாத்துக் கத்தியை என் கையில் திணித்து, "அங்க தேயிலை ஏதுடா?" என்றார் மாமா.

அடுத்த வாரம் என் பேரும் பதிவாயிற்று.