வீட்டைப் பார்க்கும் கண்

திருநெல்வேலிச் சந்தையில் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கும்போது, காய்க்குக் காய் புரட்டிப் பார்த்துச் சொத்தையை விலக்குகின்றோம். ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கும்போதோ, சுவரின் வர்ணத்தையும் விறாந்தையின் காற்றையும் கண்டு மயங்கிவிடுகின்றோம். இப்பேதைமைக்கு நானும் விலக்கானவனல்லன்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், யாழ்ப்பாணமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்த அந்த இரவில், நான் பள்ளி மாணவன். என் தந்தையார் தோளிற் சுமந்து வந்தது காணி உறுதிகள் இருந்த தகரப் பெட்டியை. அந்த வீடு பின்னர் தங்கைக்குச் சீதனமாயிற்று. மணமான பின் பதினாறு ஆண்டுகள் வாடகை வீடுகளிலேயே எனக்குக் கழிந்தன. ஆதலால், கொக்குவிற் பக்கத்தில் இரண்டரைப் பரப்புக் காணியும் கல்வீடும் விலைக்கு வருகின்றன என்று தரகர் சொன்னபோது, குடும்பமே மகிழ்ந்தது. மனைவி தாலிக்கொடி நீங்கலான நகைகளையெல்லாம் எடுத்து வைத்தாள். மிகுதிக்கு வங்கிக் கடன். இளைய மகள் தனக்கென ஓர் அறையையும் தெரிந்துகொண்டாள்.

வீட்டை யாரைக்கொண்டு பரிசோதிப்பது என்ற வினா அப்போதுதான் எழுந்தது. தரகர் தாமே ஒரு மேசனை அழைத்து வருவதாகச் சொன்னார். நண்பரொருவர், "வங்கி மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார்தானே, பிறகேன் வீண் செலவு?" என்றார். மதிப்பீட்டாளரும் வந்தார், அரை மணி நேரத்தில் அளந்து குறித்துக்கொண்டு சென்றார். அவர்மீது குறை சொல்வதற்கில்லை. நான் கடனைக் கட்டத் தவறினால் வீட்டை விற்று வங்கி தன் பணத்தை மீட்கலாமா என்பதே அவர் பார்க்கவேண்டியது. மழைக்கு என் பிள்ளைகள் நனைவார்களா என்பது அவருக்கு இடப்பட்ட கேள்வியன்று.

இறுதியில், எங்களூரில் நாற்பது ஆண்டுகள் சுவர் எழுப்பிய முதிய மேசன் ஒருவரை நாடினேன். அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். "தம்பி, வெயிலிலை வீடு பாக்கக் கூடாது. முதல் மழை பெய்யட்டும். மற்றது, என்ரை நாட்கூலியைத் தந்துபோடு. சும்மா வந்தனெண்டால் உன்ரை முகத்தைப் பாத்துத்தான் சொல்லவேணும்."

ஐப்பசி மழையில் இருவரும் சென்றோம். அவர் வர்ணத்தை நோக்கவேயில்லை. சுவரைத் தம் கரண்டிப் பிடியாற் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். பொள்ளென்று ஒலித்த இடத்தில் பூச்சு சுவரை விட்டிருந்தது. மயிரிழை போன்ற வெடிப்புக்களைப் பொருட்படுத்தாமல், யன்னல் மூலையிலிருந்து சரிவாய் ஏறிப் புதிய பூச்சினால் மறைக்கப்பட்டிருந்த ஒன்றின் முன் நெடுநேரம் நின்றார். பூச்சு காயும்போது விழுவது வேறு. அத்திவாரம் இறங்கும்போது விழுவது வேறு என விளக்கினார். ஏணிவைத்து ஏறி, வளைகளிற் கூரிய ஆணியைக் குத்தினார். இரண்டு வளைகளுள் அது வெண்ணெயிற் போல இறங்கிற்று. கறையான்! மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் காலடியால் அளந்தார்.

கிணற்று நீரை அள்ளிக் குடித்துப் பார்த்து, "நல்ல தண்ணி" என்றேன். அவர் நகைத்தார். "மாரியிலை எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். புரட்டாதியிலை எப்பிடியெண்டு அயலிலை கேள்."

அவர் சொன்னது உண்மை. நம் குடாநாட்டின் சுண்ணாம்புக் கற்பாறையுள், மழை தந்த நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கோடையில் மிகுதியாக இறைத்தாலும், கிணற்றை அளவுக்கு மிஞ்சி ஆழமாக்கினாலும் உவர் மேலேறும். தோட்டத்து உரத்தாலும் மலக்குழிக் கசிவாலும் சேரும் நைத்திரேற்றோ நாவுக்குத் தெரியாது. கொதிக்க வைத்தாலும் நீங்காது. கைக்குழந்தைகளுக்கு அது பெருந்தீங்கு. ஆய்வுகூடப் பரிசோதனை ஒன்றே வழி.

அயல் வீட்டு மூதாட்டியிடம் சென்று கேட்டேன். "ஆடிக்குப் பிறகு உவர்தான், தம்பி. மூத்தவர் இருந்திருந்தால் கிணத்தை இப்பிடித் தோண்ட விட்டிருக்கமாட்டார். பாவம், கனடாவிலை அவற்றை அந்தியேட்டியும் முடிஞ்சு ஆறு மாசம்."

திரும்பும் வழியில் மேசன், "கல்லிலை உள்ள வெடிப்பை நான் சொல்லிப்போட்டன். கடுதாசியிலை வெடிப்பிருந்தால் எனக்குத் தெரியாது. அதுக்கு வேறை ஆளைப் பிடி" என்றார்.

விற்பவரின் நொத்தாரிசே இருவருக்கும் போதும், செலவு மிச்சம் என்பது தரகரின் ஆலோசனை. நான் தனியே ஒரு சட்டத்தரணி அம்மையாரிடம் சென்றேன். காணிப் பதிவகத்தில் அவர் தேடியபோது ஈடோ ஒற்றியோ இல்லை. காணி சகோதரர் இருவருக்குப் பிரியாப் பங்கு. மூத்தவர் கனடாவிலிருந்து தம்பிக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தார். பேச்சோடு பேச்சாக அந்தியேட்டிச் செய்தியைச் சொன்னேன். அம்மையார் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

தத்துவம் கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அவருடனே இறந்துவிடும். அவருடைய பாதி அவர்தம் வாரிசுகளுக்குரியது; தம்பியார் இடும் கையெழுத்து அப்பாதியைத் தராது. தம்பியாரின் பாதியை மட்டும் வாங்கலாமென்றாலோ, தேசவழமைக்கு உட்பட்ட காணியில் பங்காளிகளுக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு; 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வகுத்துள்ளது. முழுப் பணத்தையும் கொடுத்து அரை வீட்டுக்கு உரியவனாய், வழக்கொன்றுக்கும் உரியவனாய் நான் நின்றிருப்பேன். விற்பவர் வஞ்சகர் என்று சொல்லமாட்டேன், அறியாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் அறியாமைக்கு விலை கொடுப்பவன் நானாகவே இருந்திருப்பேன்.

விலகிக்கொண்டோம். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வீடு வாங்க எண்ணும் அன்பர்களுக்கு நான் கற்ற பாடம் இதுதான். பரிசோதிப்பவர் திறமைசாலியா என்று கேட்குமுன், யாருடைய பணத்தில் யாருடைய கேள்விக்கு விடை தேடுகிறார் என்று கேளுங்கள். விற்பனை நடந்தாற் பயன்பெறும் ஒருவரின் கண்ணை இரவல் வாங்காதீர்கள். திருத்த முடியாதவற்றை முதலிற் பாருங்கள்: உறுதி, எல்லை, பாதை, நீர், அத்திவாரம். வளையும் ஓடும் பின்னர். அவை விலை பேச உதவும். முற்பணம் கொடுக்குமுன் இவற்றைச் செய்யுங்கள். கொடுத்த பின் நம் கண்ணே நம்மை ஏமாற்றத் தொடங்கிவிடும்.

மறு ஆண்டு வேறொரு வீடு வாங்கினோம். விறாந்தை குறுகியது, ஓடுகள் பழையன. எந்த மூலை ஒழுகும் என்பதை வாங்குமுன்பே அறிந்திருந்தோம். அதற்கேற்ப விலையும் குறைந்தது. புரட்டாதியிலும் கிணற்று நீர் இனிக்கின்றது. உறுதியைத் தந்தையாரின் தகரப் பெட்டியிலேயே வைத்திருக்கின்றேன்.