ஒரு ரூபாய் சக்கரம்

லண்டனிலிருந்து வடக்கே முக்கால் மணி நேரம் ரயிலில் போனால் பிகிள்ஸ்வேட் என்று வாயில் நுழையாத ஓர் ஊர். அங்கிருந்து டாக்ஸியில் பத்து நிமிடம் போனால் ஓல்ட் வார்டன் கிராமம். ஒரு பெரிய புல்வெளி, வரிசையாகச் சில கொட்டகைகள், உள்ளே இன்னமும் பறக்கிற கிழட்டு விமானங்கள். ஷட்டில்வொர்த் கலெக்‌ஷன் என்று பெயர்.

ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் என்ற பணக்கார வாலிபர் 1930-களில் ஓட்டை கார், ஒடிந்த விமானம் என்று தேடித்தேடி வாங்கிச் சேர்த்தார். 1940-ல் விமானப் படையில் பயிற்சியின்போது விபத்து, போய்விட்டார். ஒரே பிள்ளை. அவருடைய அம்மா சாமான்களை ஏலம் போடாமல், 1944-ல் மகன் பேரில் ஒரு டிரஸ்ட் வைத்தார். அதனால்தான் நாம் இன்றைக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக முடிகிறது.

எல்லோரும் விமானத்தின் மூக்கைப் பார்ப்பார்கள், இறக்கையைப் பார்ப்பார்கள். என்னை அழைத்துக்கொண்டு போன மாமா சக்கரத்தை மட்டும் பார்க்கிற ஜாதி. அம்மாவின் தம்பி. லூட்டனில் வாசம். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ரிடையரானவர். இப்போது வேலை, குட்டி விமானம் செய்வது. அதாவது அசலில் 32-ல் ஒரு பங்கு.

முதல் கொட்டகையிலேயே நிறுத்தினார். 1909-ம் வருஷத்து பிளேரியோ. இன்ஜினும் அந்தக் காலத்து அசல். காற்று அடங்கிய சாயங்காலங்களில் புல்வெளிக்கு மேலே ஒரு சின்னத் தாவல் தாவுமாம். இந்த மாடல் ஒன்றில்தான் 1911-ல் இத்தாலிக்காரர்கள் லிபியாவில் எதிரியை வேவு பார்க்கக் கிளம்பினார்கள். விமானம் யுத்தத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. சக்கரத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். அசல் சைக்கிள் சக்கரம்! போக்ஸ் கம்பி ஒவ்வொன்றையும் எண்ணலாம்.

"சைக்கிளைப் பார்த்து காப்பியடிச்சிருக்கான் மாமா."

"தலைகீழ்டா. சைக்கிள்தான் காப்பி."

1808-லேயே ஜார்ஜ் கேலி என்ற யார்க்‌ஷயர் கனவான், பறக்கிற இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டுமே என்று யோசித்து, மரக் கட்டைகளுக்குப் பதில் விறைப்பாக இழுத்துக் கட்டிய கம்பிகளை நோட்டில் வரைந்து வைத்தாராம். பறப்பதற்கு இயந்திரம் இல்லை, சக்கரம் ரெடி! சைக்கிள்காரர்கள் இந்த வித்தைக்கு வந்து சேர்ந்தது 1870 வாக்கில்.

அடுத்த கொட்டகையில் எஸ்.ஈ.5ஏ. முதல் உலகப் போர் சண்டை விமானம். மாமா செய்துகொண்டிருப்பது இதன் குட்டியைத்தான். அதிலும் இந்திரலால் ராய் ஓட்டியதை. கல்கத்தா பையன். கண் பார்வை சரியில்லை என்று விமானப் படையில் முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மோட்டார் பைக்கை விற்று, பெரிய கண் டாக்டர் ஒருவரிடம் காட்டி, மறுபடி போய் நின்று சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் 10 எதிரி விமானங்கள் அவர் கணக்கில். அதே ஜூலை 22-ல் அவரையும் வீழ்த்திவிட்டார்கள். வயது 19. அந்த வயதில் நான் பி.காம். இரண்டாம் வருஷத்தில் அரியர்ஸ் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எஸ்.ஈ.5ஏ சக்கரத்தில் கம்பியே தெரியாது. பிளேரியோ மாதிரி நிதானமாகப் போகிற வண்டி இல்லை, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். கம்பிகள் காற்றைக் கடைந்து வேகத்தைத் தின்றுவிடும் என்று இரண்டு பக்கமும் துணியால் மூடிவிட்டார்கள். கிட் வாங்கினால் பெட்டிக்குள்ளேயே பிளாஸ்டிக்கில் மூடிய சக்கரம் ரெடியாக இருக்கிறது. ஒட்டினால் தீர்ந்தது. மாமா அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கம்பி கட்டுகிறார். கட்டி முடித்து, மேலே காகிதம் ஒட்டி மூடியும் விடுகிறார்!

அசல் டயரின் விட்டம் 700 மில்லிமீட்டர். 32-ல் வகுத்தால் 22 சொச்சம் கூட வராது. கிட்டத்தட்ட நம்முடைய சின்ன ஒரு ரூபாய் நாணயம். அந்த நாணயத்தின் விளிம்பில் 9 டிகிரிக்கு ஒன்றாக 40 ஓட்டை, கையால் திருகுகிற குட்டித் துளைப்பானால். நடுவில் அச்சுக்கு இஞ்செக்‌ஷன் ஊசிக் குழாய். கம்பிக்கு நைலான் இழை, கிட்டத்தட்ட தலைமுடி கனம். (முடியையே வைத்துப் பார்க்கலாமே என்றேன். மாமாவிடம் அந்த ஸ்டாக் தீர்ந்து பல வருஷமாகிறது.)

ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கட்டினால் ரிம் முட்டை வடிவத்துக்குப் போய்விடும். ஒன்று கட்டினால் எதிரே இருபத்தொன்று, அப்புறம் பதினொன்று, எதிரே முப்பத்தொன்று. நம்மூர் சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பார்களே, அதே கணக்கு. கம்பியால் தள்ள முடியாது, இழுக்கத்தான் முடியும். எல்லாக் கம்பியும் சமமாக இழுத்தால்தான் சக்கரம் சக்கரமாக நிற்கும். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஊசி முனையில் துளி பசை. ஒரு கம்பிக்குப் பத்து நிமிடம், விட்டுப்போனால் மறுபடி.

"யாருக்கும் தெரியப் போறதில்லையே மாமா? மூடிடறீங்களே!"

பாலன்ஸ் ஷீட்டில் காட்டாமல் ஒளித்து வைக்கிற சீக்ரெட் ரிசர்வ் பற்றி காலேஜில் படித்ததுண்டு. நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பதில் சொல்லாமல் பாக்கெட்டிலிருந்து பென் டார்ச்சை எடுத்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் முழங்காலிட்டு, சக்கரத்தின் மேல் சாய்வாக வெளிச்சம் அடித்தார். துணி தட்டையாக இல்லை. கூம்பு மாதிரி நடுவில் புடைத்திருந்தது. அச்சுக் குழாய் ரிம்மைவிட அகலம். கம்பிகள் மாற்றி மாற்றி அதன் இரண்டு நுனிக்கும் சாய்ந்து போகின்றன. இந்த விமானத்துக்கு பிரேக் கிடையாது. பக்கத்துக் காற்றில் இறங்கினால் நண்டு மாதிரி ஒருக்களித்துத்தான் தரையைத் தொடும். அந்தப் பக்கவாட்டு இடியைத் தாங்குவது இந்தச் சாய்வுதான். டார்ச்சை இன்னும் சாய்த்தபோது, துணிக்கு அடியில் மெல்லிய வரிகள். கைநரம்பு மாதிரி.

"பிளாஸ்டிக் வட்டுமேல பேப்பர் ஒட்டினேன். அப்பளமா இருந்தது. கம்பிமேல இழுத்து ஒட்டினாத்தான் இப்படி வருது."

காவலுக்கு இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் வந்துவிட்டார். வாலண்டியர். கயிற்றோரம் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, "ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?" என்றார்.

"நாற்பது கம்பி" என்றார் மாமா.

"எல்லாம் உள்ளேதான் இருக்கிறது, பத்திரமாக" என்ற பெரியவர், முழங்கால் சொடக்கெடுக்க அவரும் பக்கத்தில் உட்கார்ந்து, டார்ச்சை வாங்கி வேறு கோணத்தில் அடித்துக் காட்டினார். எனக்குக் காபி குடிக்கப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோதும் இருவரும் அங்கேயே.

ராத்திரி லூட்டனில் மேஜை விளக்கடியில் வலது சக்கரத்தைக் காட்டினார். மூடியாகிவிட்டது. விளக்கைச் சாய்த்தேன், வரிகள் தெரிந்தன. இடது சக்கரத்தில் இன்னும் 17 கம்பி பாக்கி. மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் ஆபரேஷன். இழையை விரல் நுனியால் தடவித் தடவித்தான் ஓட்டையைக் கண்டுபிடிக்கிறார்.

"ஆபரேஷன் முடிஞ்சு தெளிவாப் பார்த்துக் கட்டலாமே மாமா?"

"நல்லாச் சொன்னே போ! புதுக் கண்ணு வந்து, கட்டின வரைக்கும் குத்தம் கண்டுபிடிச்சா, அறுபத்து மூணையும் பிரிக்கணும்டா. அதுக்குள்ள முடிச்சு மூடிடணும். அந்தப் பசை மூடியைத் திற."

திறந்து கொடுத்தேன். இருபத்து நாலாவது கம்பி, மூன்றாவது முயற்சியில் நின்றது.