உதிரி உதிரியாக ஒரு ஹெரால்டு

காரைப் பிரித்தவர் இன்னும் இருக்கிறாரா என்றுதான் தொலைபேசியில் முதலில் கேட்டேன். என்ஜின் இருக்கிறதா, கண்ணாடி முழுசாக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. இருக்கிறார், காரைக்குடியில் செக்காலைப் பக்கம்தான் வீடு, சொல்லிவிட்டால் வந்துவிடுவார் என்றார் காரை விற்கும் ஆச்சி. மறுநாள் மாலை தாம்பரத்தில் பல்லவன் ரயிலைப் பிடித்தேன்.

கார், 1960களின் நடுவில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இரண்டு கதவு. அந்தக் காலத்தில் இந்தியச் சாலையில் ஓடிய கார்களை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்: அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு. மூன்றில் ஹெரால்டு மட்டும் நம் ஊர்ப் பிள்ளை. சென்னைக்குத் தெற்கே, வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூர் தொழிற்சாலையில் 1961 முதல் உருவானது. வடிவம் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கேலொட்டியுடையது. இங்கிலாந்தில் கோவென்ட்ரி நகரின் ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் கம்பெனி 1959இல் அதை வெளியிட்டது.

அந்தக் கம்பெனிக்கு ஒரு நெருக்கடி இருந்தது. அதற்குக் கார் உடல்களை அடித்துக்கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்துதர ஆள் கிடைக்கவில்லை. ஆகவே தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைக்கும் உடல் என்று திட்டமிட்டார்கள். மற்ற கார்கள் எல்லாம் ஒற்றைக் கூட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சமயத்தில் இது பின்னோக்கிப் போனதுபோலத் தெரிந்திருக்கும். ஆனால் பெட்டிகளில் உதிரியாக அனுப்பி வேறு நாடுகளில் பூட்டுவதற்கு அதுவே வசதியாகிப் போனது. ஹெரால்டைப் பிரிப்பது அதன் இயல்புக்கு விரோதமான காரியமே இல்லை. பிரித்த வரிசை யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆச்சி வீட்டுப் பின்கட்டைத் தாண்டி ஷெட். கதவைத் திறந்துவிட்டு, "அவுக வச்ச எடத்துலயேதான் எல்லாம் இருக்கு தம்பி, ஒண்ணையும் நான் நகத்தல" என்றார். ஆச்சியின் கணவர் ஓய்வுபெற்ற பிறகு, தன் தகப்பனார் வாங்கிய இந்தக் காரைத் திரும்ப ஓட்ட வேண்டும் என்று ஆரம்பித்த வேலை இது. உடலைத் தூக்கிவிட்டு, சேஸிஸைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து, மறுபடி உடலைச் சும்மா இறக்கி வைத்த நிலையில் அவர் நோயில் படுத்துக் காலமாகிவிட்டார். என்ஜினும் கியர் பாக்ஸும் பழைய டயர்களின்மேல் சாக்கு மூடி இருந்தன. கதவுகள் சுவரோரம். முன்கண்ணாடி ஜமக்காளத்துக்குள். அலமாரி நிறைய ஹார்லிக்ஸ் பாட்டில்கள், காப்பித்தூள் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் போல்ட்டும் வாஷரும். சில பாட்டில்களில் காகிதம் ஒட்டியிருந்தது. எழுத்து பாதி அழிந்திருந்தது.

காரைப் பிரித்த மெக்கானிக் ஐயா காலை பத்து மணிக்கு வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். வந்ததும் காரைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தார். "நோட்டு கொண்டாந்திருக்கீங்களா தம்பி? எழுதிக்குங்க" என்று ஒவ்வொரு டப்பாவாக இறக்க ஆரம்பித்தார்.

காரைச் சென்னைக்கு ஏற்றிவரும் லாரியை அந்தப் பகல் முழுவதும் வரச் சொல்லவில்லை. அதைத்தான் இந்தப் பயணத்தின் முக்கியமான பகுதி என்று நினைக்கிறேன். ஹெரால்டின் உடல் சேஸிஸில் உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் பாக்கிங்கும், உயரம் சரிசெய்ய மெல்லிய தகடுகளும் இருக்கும். ஷிம் என்பார்கள். தகடுகளின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். ஒரே மாடலில்கூட வண்டிக்கு வண்டி மாறும். தொழிற்சாலையில் ஒருவர் கதவை மூடிப் பார்த்து, இடைவெளியைக் கண்ணால் அளந்து, இங்கே ஒன்று கூட்டி அங்கே ஒன்று குறைத்து வைத்த கணக்கு அது. எந்தக் கையேட்டிலும் கிடையாது. முன்சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கைகளுக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கிற ஷிம்களும் அப்படித்தான். அவை இடம் மாறினால் சக்கரத்தின் சாய்வே மாறிவிடும். ஐயா அவற்றையெல்லாம் கம்பியில் கோத்து, இடத்துக்கு ஒரு முடிச்சாக வைத்திருந்தார். "இது டிரைவர் பக்கம், பின்சீட்டுக்குக் கீழ. இது டிக்கி ஓரம்." கம்பியைத் தடவிப் பார்த்தே சொன்னார். நான் துணிச்சீட்டில் எழுதிக் கட்டினேன், நோட்டிலும் எழுதினேன், அலைபேசியில் அவர் குரலையும் பதிந்துகொண்டேன். பழைய கார் வாங்கும் நண்பர்கள் பம்பருக்கும் மோனோகிராமுக்கும் பேரம் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவை தேடினால் கிடைக்கும். இந்தக் கம்பி தொலைந்தால் திரும்பக் கிடைக்காது.

லாரி மறுநாள் வந்தது. ஹெரால்டின் நீளம் கிட்டத்தட்ட 3.9 மீட்டர், அதாவது பதின்மூன்று அடிக்குச் சற்றுக் குறைவு. பதினான்கு அடி ஐச்சர் சரியாக இருந்தது. என்ஜின் இல்லாத ஹெரால்டைத் தள்ளுவது லேசான வேலை என்று தோன்றும். அப்படி இல்லை. இதன் பின்சக்கரங்கள் குறுக்காகப் போகும் ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்கில் தனித்தனியாக ஆடுபவை. மேலே எடை குறைந்ததும் ஸ்பிரிங் எழும்பி, சக்கரங்களின் கீழ்ப்பகுதி உள்பக்கமாக மடங்கிக்கொள்கிறது. அப்படியே சாய்வுப் பலகையில் ஏற்றினால் டயர் பக்கவாட்டில் தேயும், பலகையும் நழுவும். டிக்கியில் மணல் மூட்டைகளை வைக்கச் சொன்னார் ஐயா. சக்கரங்கள் நிமிர்ந்தன. இறுகிக் கிடந்த பிரேக் டிரம்களில் டீசல் விட்டு, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றவைத்தார். கதவில்லாத உடல் நடுவில் வளைந்துவிடும் என்பதால் கதவு வாசல்களுக்குக் குறுக்கே ஆங்கிள் வைத்துப் போல்ட் போட்டார். விளக்கும் மட்கார்டும் சேர்ந்து முழு முகமாகத் தூக்கும் பானட்டை அதன் கீலிலேயே பூட்டினோம். தன் இடத்தில் இருப்பதைவிடப் பத்திரமான இடம் அதற்கு இல்லை. எண்ணெய் வடித்த என்ஜினை, ஓட்டைகளைத் துணியால் அடைத்து, கேபினை ஒட்டி வைத்தோம். கண்ணாடியைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்தோம். ஆச்சி வீட்டுக்குள் போய்ப் பழைய மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

காரை லாரியோடு கட்டும் பெல்ட்டுகளை உடலில் எங்கும் போடவில்லை, சேஸிஸில் மட்டும்தான். டப்பாக்களும் ஷிம் கம்பிகளும் என்னோடு முன்சீட்டில்.

ஓட்டுநர் திருமயம் கோட்டை கண்ணில் பட்டதும் வண்டியை ஓரங்கட்டினார். "முதல் கொஞ்ச தூரத்துலதான் சார் கட்டு தளரும். இப்ப இறுக்கிட்டா அப்புறம் பயமில்ல." ஒவ்வொரு பெல்ட்டாக இழுத்துப் பார்த்தார். இரண்டு தளர்ந்திருந்தன. அதன்பின் டீக்கு நிறுத்தும்போதெல்லாம் அவர் டம்ளரை வாங்கும் முன் கட்டைத் தொட்டுப் பார்த்துவிடுவார். புதுக்கோட்டை, திருச்சி, காவிரி, கொள்ளிடம் கடந்தோம். பெரம்பலூருக்கு மேல் நான்குவழிச் சாலை, சொல்ல ஒன்றுமில்லை. விக்கிரவாண்டிக்கு முன்னால் ஒரு காவலர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து, காகிதம் கேட்டார். ஆர்.சி. புத்தகம், ஆச்சி எழுதித்தந்த கடிதம், படிவம் 31இன் நகல் மூன்றையும் காட்டினேன். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசின் பெயருக்கு மாற்ற அந்தப் படிவம்தான். அதற்குப் பிறகே விற்பனைக்கான 29, 30. படித்துவிட்டு, "எங்க பெரியப்பா இதுலதான் கல்யாணத்துக்கு வந்தாரு" என்று சொல்லி அனுப்பினார்.

வண்டலூரைத் தாண்டிப் பெருங்களத்தூருக்கு வந்தபோது இரவாகிவிட்டது. 1988இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற கடைசி மாடலோடு உற்பத்தி நின்ற தொழிற்சாலை இருந்த இடம். இப்போது அங்கே கண்ணாடிக் கட்டடங்களில் கணினி அலுவலகங்கள். ஓட்டுநரிடம் இங்கேதான் இந்தக் கார் பிறந்தது என்றேன். அவர் நம்பவில்லை. சென்னைக்காரர்களிலும் பலர் நம்புவதில்லை. நாட்டின் மோட்டார் தலைநகரம் என்று இந்த ஊரைச் சொல்லும்போது ஹூண்டாயிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே சேஸிஸில் ஷிம் வைத்துக் கதவை மூடிப் பார்த்த கைகளை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிகளை வின்டேஜ் என்று பதிவுசெய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். சேஸிஸும் உடலும் என்ஜினும் பெரிய மாற்றமில்லாமல் பழையபடியே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே வேறு என்ஜின் போட்டுவிடலாம் என்று சொல்கிற நண்பர்களுக்கு என் பதில் ஒன்றே. அந்த 948 சிசி என்ஜின்தான் திரும்ப ஏறும்.

டப்பாக்களை அதே வரிசையில் அடுக்கிவிட்டேன். பொங்கல் முடிந்து வந்து உடலை உட்கார வைத்துத் தருவதாக ஐயா சொல்லியிருக்கிறார். ரெட் ஆக்சைடுக்குக் கீழே மறுபடி துரு பிடித்திருக்கிறது. அவர் வருவதற்குள் சேஸிஸைச் சுரண்டி முடிக்க வேண்டும்.