முறை வைத்துப் பிழைக்கும் ஊருக்கு நன்றி

நடூர் மாதாகுப்பத்து அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

பழவேற்காடு மகிமை மாதா கோயிலுக்குப் பூசைக்கு வந்துபோகிற சென்னைக்காரி நான். 1515-இல், போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் கோயில் அது. இந்த நன்றியோ உங்கள் ஏரிக்கும், அதில் நீங்கள் காத்துவரும் பாடு முறைக்கும்.

பாடு முறை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டத்தில் கம்பு நட்டுச் சுத்துவலை கட்டினால் இறால் விழும். எல்லா இடத்திலும் ஒன்றுபோல விழாது. கைபலம் உள்ளவர் நல்ல இடத்தை வளைத்துக்கொண்டால் மற்ற வீடுகளில் உலை ஏறாது. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் மூன்றும் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டன. ஊருக்குள் தலைக்கட்டுகளுக்குச் சீட்டுப் போட்டு இடம் பிரிக்கிறார்கள். முறை சுழன்று வரும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு இன்னொரு நாள் சுமாரான இடம். காசு அதிகம் இருக்கிறதென்று யாரும் அடுத்தவர் முறையில் வலை கட்ட முடியாது. மாதாவைக் கும்பிடுகிறவருக்கும் அம்மனைக் கும்பிடுகிறவருக்கும் ஒரே சட்டம். இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் கத்தோலிக்க மீனவர்கள் இப்படித்தான் சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்கிறார்கள்.

முறை இல்லாத நாளில் உங்கள் வீட்டு ஆண்கள் வலை பொத்துவதையும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் வருவதையும் பார்த்திருக்கிறேன். அவர்களைச் சோம்பேறி என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அதுதான் என்னை உலுக்கியது. எங்கள் சோழிங்கநல்லூர் கம்பெனிகளிலோ வேலை, குடும்பம், ஜெபம் மூன்றையும் சமாளிப்பது அவரவர் சாமர்த்தியம். ஞாயிறு பூசைக்குப் போக நினைக்கிறவர் தனியாளாக மேலதிகாரியிடம் கெஞ்ச வேண்டும். பக்கத்து இருக்கைக்காரர் அன்றும் லேப்டாப்பைத் திறந்தால் இவர் பின்தங்கிவிடுவார். ஓய்வு தனி மனிதரின் மனஉறுதியை நம்பி நிற்கும்வரை அது நிலைக்காது. ஊரே கூடி வைத்தால்தான் நிலைக்கும். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் நான் கேட்டதில்லை, உங்களிடம் கற்றேன்.

திராட்சைத் தோட்டத்துக்குக் கடைசி மணி நேரத்தில் வந்த கூலியாளுக்கும் முழுக்கூலி கொடுத்த எஜமானின் உவமையை மத்தேயு நற்செய்தியில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். நாள் முழுதும் உழைத்தவன் முணுமுணுத்தது நியாயம்தானே என்று என் மனம் வாதாடும். அடுத்த வீட்டு அடுப்பும் எரியட்டும் என்று ஒரு ஊர் தன் ஆசைக்கு வரம்பு கட்டியதைப் பார்த்த பிறகுதான் அந்த எஜமான் எனக்குப் புரிந்தார்.

எங்கள் அணியில் இப்போது சனி, ஞாயிறு வேலைக்குச் சீட்டுப் போடுகிறோம். கைக்குழந்தைக்காரர், ரம்ஜான் நோன்பு இருப்பவர், சபரிமலைக்கு மாலை போட்டவர் எல்லாரையும் கணக்கில் வைத்து முறை மாற்றிக்கொள்கிறோம். என் ஞாயிறுகளில் பெரும்பாலானவை மகளுக்கும் பூசைக்கும் திரும்பிவிட்டன. அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

உங்கள் முறையில் குறையே இல்லை என்று எழுதினால் அது முகத்துதி. சீட்டு ஆண்கள் பெயருக்குத்தான். பாடு இல்லாத குப்பங்களுக்கு மனக்குறை உண்டு. தடவித் தடவிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு இதில் பங்கில்லை. முகத்துவாரம் பலமுறை மணல் மூடிப்போயிருக்கிறது. தெற்கே அனல்மின் நிலையமும் துறைமுகங்களும் வந்துவிட்டன. இறால் குறையும்போது முறை காப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அப்படியும் நீங்கள் அதைக் கைவிடவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். படித்துவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போகிற உங்கள் பிள்ளைகளிடம் பாடு முறையை விவரமாகச் சொல்லி அனுப்புங்கள். அவர்கள் சேருகிற அலுவலகங்களுக்கு அது தேவைப்படுகிறது.


சென்னையிலிருந்து உங்கள் சகோதரி